எடைக்குப் போடப்பட்ட ஜெப நோட்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வடசென்னையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் அப்பாவின் தாயார், நாங்கள் ஆயா என்று அழைத்தவர், சென்ற ஆண்டு தமது தொண்ணூற்றாறாவது வயதில் பெரம்பூரில் காலமானார். 1928-இல் பிறந்தவர். தாத்தா கர்நாடிக் மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். ஆயா பல ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தார், பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார், இரவு எட்டு மணிக் குடும்ப ஜெபத்தை ஒருநாளும் விட்டதில்லை. 2020-இல் ஆலயங்கள் மூடப்பட்டிருந்தபோதும், என் தங்கையின் கைபேசியில் ஜெபத்தைப் பேசிப் பதிவு செய்து உறவினர் குழுவுக்கு அனுப்பச் சொல்வார்.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்பாதவன் நம்பியவரின் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகுமா? ஆயாவின் மதம் வெள்ளைக்காரன் கொடுத்த பால்பவுடருக்கு வாங்கியது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது? கல்லறையில் எந்த வசனத்தைப் பொறிக்கலாம்? இன்னொன்று: மூன்றாவது அத்தை வேறு மதத்தில் திருமணம் செய்துகொண்டவர். ஆயா அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை. மலரில் அத்தையின் பெயர் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

ஆயாவின் வேதாகமத்தை அவர் கைகளுக்கடியில் வைத்தே அடக்கம் செய்தோம். அறையைக் காலி செய்தபோது, ஜெபத்திற்காக ஊரார் பெயர்களை அவர் எழுதிவைத்த பழைய நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றைப் பேப்பர்களோடு எடைக்குப் போட்டுவிட்டோம். ஆகவே அவர் கையால் எழுதியது என்று மலரில் சேர்க்க எதுவும் இல்லை. நான் எழுதிய முதல் வரைவை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

—

அன்புள்ள தம்பி,

ஆயாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். தொண்ணூற்றாறு வயது வரை இருந்தவர்தானே, கல்யாணச் சாவுதானே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதைக் காதில் வாங்காதீர்கள். பிறந்தது முதல் கேட்டுவந்த ஒரு குரல் நின்றுபோனவனுக்கு இறந்தவரின் வயது ஒரு ஆறுதலே அல்ல.

நீங்கள் கேள்விகளாக எழுதியவற்றைவிட, கேள்வியாக எழுதாமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. வடசென்னையின் வரலாறு என்று நாம் எழுதிக்கொண்டிருப்பதில் பெண்கள் எழுதிவைத்த தாள் ஒன்றுகூட ஏன் கையில் கிடைப்பதில்லை என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். விடை உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. கிடைப்பதில்லை, ஏனென்றால் நாம் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

பால்பவுடர் பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன், அதற்குச் சில வாக்கியங்களுக்கு மேல் தகுதி இல்லை. 1960-களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கொடுத்த பால்பவுடர் மதிய உணவுத் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும்தான் கரைத்து ஊற்றப்பட்டது, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளையான நானும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். ஆதாயக் கணக்கு பார்க்க வேண்டுமென்றால், பட்டியல் சாதியினர் தொடர்பான 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை உங்கள் நண்பர்கள் வாசிக்கட்டும்: அது இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதியைக் கொடுத்தது, 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. உங்கள் குடும்பம் என்ன சாதி என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்வந்த எத்தனையோ ஒடுக்கப்பட்ட குடும்பங்கள், பிள்ளைகளின் சான்றிதழில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தலைமுறை தலைமுறையாகத் தவித்தவை. நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

கல்லறை வசனத்தை உங்கள் அத்தைமார்களும் சித்தப்பாக்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அது அவர்கள் உரிமை.

இப்போது அந்த டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் படித்தவர், வாசிக்கிறவர், வடசென்னையைப் பற்றி நான் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு, உங்கள் ஆயா வாழ்நாள் முழுவதும் எழுதிய ஒரே எழுத்தை எடைக்குப் போடும்போது ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா? தாத்தாவின் மில் அடையாள அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பீர்கள். அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பீரோவில் பத்திரமாக இருக்கும். ஆயாவின் எழுத்து மட்டும் ஏன் பழைய பேப்பராகத் தெரிந்தது? அதில் இருந்தது ஜெபம் என்பதாலா? ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வார்த்தைகள், காற்றோடு போகிறவை, அதற்கு ஆவணம் எதற்கு என்று நினைத்தீர்களா? உங்களுக்கு நம்பிக்கை இல்லாததில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நம்பிக்கை உள்ள உங்கள் உறவினர்களும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள் அல்லவா? அவர்களுக்கும் தோன்றவில்லை. வேதாகமத்தை மண்ணுக்குள்ளும் நோட்டுகளைத் தராசிலும் வைத்துவிட்டு, எழுதியது எதுவும் இல்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். வாசித்தபோது மனம் கொதித்தது.

நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன் என்றால், அப்படிப்பட்ட நோட்டு ஒன்றை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இராயபுரத்தில் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு நீண்ட வீட்டில் பல குடித்தனங்களில் ஒன்றாக நாங்கள் இருந்தோம். எதிர்ப் போர்ஷனில் ஒரு கிறிஸ்தவ மூதாட்டி இருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவர் அல்லர், ஞாயிறு காலையில் ஆலயத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர், அவ்வளவுதான். ஆனால் தெரு முழுவதற்கும் அவர் டீச்சர் ஆயா. மிகவும் கண்டிப்பானவர். என் அம்மா ஆடியில் ஊற்றும் கூழைப் படையலுக்குப் பிறகு தொடமாட்டார். அதற்காக அம்மா அவரோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதும், அம்மனுக்குப் படைப்பதற்கு முன்பாகவே, ஒரு சொம்பில் தனியாக எடுத்து வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவார். டீச்சர் ஆயா வாசலிலேயே நிற்க வைத்து, "படைக்கறதுக்கு முன்னாடி எடுத்ததாடா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். டிசம்பரில் அவர் வீட்டுக் கல்கல்லும் அச்சுமுறுக்கும் அதே சொம்பில் திரும்பி வரும். இரண்டு பெண்களும் தத்தம் தெய்வத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஒருவரையொருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, அந்தக் கேள்வியின் கறாரும் அந்தச் சொம்பின் முன்யோசனையும் புரியாது.

அவரிடம் கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பதைப் போன்ற நீளவாக்கு நோட்டு ஒன்று இருந்தது. முடிந்துபோனால் அதேபோல் இன்னொன்று வாங்குவார். அதில் கையாலேயே கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருப்பார். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் அந்த ஆளைப் பெற்ற தாயின் பெயர், மூன்றாவதில் என்ன கஷ்டம் என்பது, அதற்கடுத்துத் தேதி. கடைசிப் பத்தி காலியாக இருக்கும். திங்கட்கிழமை பக்கத்தில் நோயாளிகள், செவ்வாயில் வேலையில்லாதவர்கள், புதனில் பரீட்சை எழுதும் பிள்ளைகள், வியாழனில் கர்ப்பிணிகள், வெள்ளியில் குடிப்பழக்கத்தில் விழுந்தவர்கள், சனியில் ஆயரும் சபையும். கேட்ட காரியம் நடந்துவிட்டால் கடைசிப் பத்தியில் தேதியைப் போட்டு, ஸ்தோத்திரம் என்று எழுதுவார். ஆள் இறந்துபோனால் பெயரை அடிக்கமாட்டார்; அங்கே ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டு, அடுத்த வரியில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்குவார்.

ஒருமுறை துறைமுகத்தில் மூட்டை சரிந்து என் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அன்று இரவு அம்மா டீச்சர் ஆயாவின் வாசலில் போய் நின்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "பேரு சொல்லு" என்றார். கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. என்னை முன்னால் தள்ளினார். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். "பெத்தவ பேரு?" என்றார். ஊரில் என்றோ இறந்துபோன என் பாட்டியின் பெயரை அம்மா என் காதில் மெல்லச் சொல்ல, நான் உரக்கச் சொன்னேன். அவர் எழுதினார். என் பாட்டியின் பெயரை ஒருவர் தாளில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை.

தாயின் பெயரை ஏன் எழுதுகிறார் என்பதற்கு அவரிடம் சாதாரணமான காரணம்தான் இருந்தது. அந்தத் தெருக்களில் எத்தனை செல்வராஜ், எத்தனை மேரி, எத்தனை ஆறுமுகம். யாருக்காகக் கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பார். கடவுளுக்குத் தெரியும், ஆனால் தான் குழம்பிவிடக் கூடாது என்பார். அதன் விளைவு என்னவென்று இப்போது நினைத்துப் பாருங்கள். இராயபுரத்தின் நாலைந்து தெருக்களில் வாழ்ந்த மனிதர்கள், தாய்வழியில், நோயும் கடனும் வேலையும் பிள்ளைப்பேறும் தேதியோடு, மதவேறுபாடு பார்க்காமல், ஒருவர் கையெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தார்கள். வேறு எங்கே இருக்கிறது இப்படி ஒரு பதிவு?

இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆலயத்தில் பதிவேடுகள் இருக்கின்றன, கிறிஸ்தவர்கள் அந்த விஷயத்தில் ஒழுங்கானவர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பதிவேடுகளில் என்னென்ன பத்திகள் உண்டு என்று எடுத்துப் பாருங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்தில்தான் உங்கள் ஆயாவின் திருமணமும் பதிவாகியிருக்கும். அதில் மணமக்களின் பெயர், வயது, முன்பு மணமானவரா இல்லையா என்பது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர், சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் உண்டு. தாயின் பெயருக்கு இடம் இல்லை. தொழில் என்ற பத்தியில் மணமகளுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு கோடுதான் இழுக்கப்பட்டிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் வரும், ஆனால் தொழில் என்று எழுதப்படுவது தகப்பனுடையது. மில்லின் வருகைப் பதிவேட்டில் தாத்தா இருப்பார். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றில் வாடியா இருக்கிறார், திரு.வி.க. இருக்கிறார், செல்வபதி செட்டியார் இருக்கிறார். வேலைநிறுத்த நாட்களில் அடுப்பை எரியவைத்த பெண்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. எழுதியவர்கள் ஆண்கள் என்பது ஒரு காரணம். பெண்கள் எழுதியதை நாம் எழுத்தாகவே எண்ணவில்லை என்பது மற்றொரு காரணம், அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஆயாவே நன்கு அறிந்திருந்த வேதாகமத்திலும் இந்தக் கதை உண்டு. ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அது வெறும் பெயர்ப் பட்டியல். அங்கே பெபேயாள் இருக்கிறாள், பிரிஸ்கில்லாள் இருக்கிறாள், கர்த்தருக்குள் மிகவும் பாடுபட்ட பெர்சியாள் இருக்கிறாள். அதே பட்டியலில் பவுல் ரூபின் தாயை வாழ்த்தும்போது, அவள் தனக்கும் தாய் என்று உருகுகிறார், ஆனால் பெயரை எழுதவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக அவள் ரூபின் தாய் மட்டுமே. பவுலுக்கு அருகில் ஒரு டீச்சர் ஆயா உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பார்.

உங்கள் ஆயாவின் நோட்டுகளில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னையே காலியானபோது அவருக்குப் பதிமூன்று பதினான்கு வயது. யார் யார் எந்த ஊருக்கு ஓடினார்கள், யார் திரும்பவில்லை என்பது அவர் வயதுப் பிள்ளைகள் மறக்கக்கூடிய விஷயம் அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவருக்குப் பத்தொன்பது. அதுவரை வேறு வேறு மிஷன்களின் பெயரால் பிரிந்திருந்த குடும்பங்கள் ஒரே சபையானதை அவர் எப்படிப் பார்த்தார்? பிறகு தண்டையார்ப்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கும், ஓட்டேரி காசநோய் மருத்துவமனைக்கும், பிரசவத்துக்காக இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கும் போனவர்களின் பெயர்கள் வருடம் வருடமாக நிறைந்திருக்கும். எல்லாவற்றையும்விட 1996-ஆம் ஆண்டு நோட்டை நினைக்கிறேன். உங்கள் தாத்தா வேலை பார்த்த கர்நாடிக் மில் உட்பட பின்னி ஆலைகள் மூடப்பட்ட ஆண்டு. மில் மூடியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உங்கள் ஆயாவிடம் எண் இருந்திருக்காது, பெயர்கள் இருந்திருக்கும். எந்த வீட்டில் பெண்ணின் கல்யாணம் நின்றது, யார் செட்டில்மென்ட் பணத்தைக் குடித்தே தீர்த்தார், யார் காவலாளி வேலைக்குப் போனார், யார் தண்டவாளத்துக்குப் போனார் என்பதெல்லாம் அந்தந்த வாரத்துத் தேதியோடு இருந்திருக்கும். எந்த அரசு அலுவலகத்திலும் எந்தச் சங்க அலுவலகத்திலும் அப்படி ஒரு ஆவணம் இல்லை. அதைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டீர்கள்.

கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நம்பாதவன் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம், அதில் எனக்கு ஐயமே இல்லை. நானும் டீச்சர் ஆயாவின் கடவுளை வணங்குகிறவன் அல்லன். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். அவருடைய நம்பிக்கையை அவருடைய வேலையிலிருந்து பிரித்து, 'பக்தி அவருடைய சொந்த விஷயம், சமூக சேவைதான் முக்கியம்' என்று ஒரு நாகரிகமான வாக்கியத்தை எழுதி வைத்துவிடாதீர்கள். படித்த பேரப்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது இதுதான், இது பெரிய அவமரியாதை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பியதால்தான் அவர் ஒவ்வொரு இரவும் ஐம்பது அறுபது பெயர்களை ஞாபகப்படுத்திக்கொண்டார். யாரும் கேட்கவில்லை என்று நீங்களும் நானும் நினைக்கலாம். ஆனால் அந்தப் பெயர்களுக்குரியவர்களுக்கு, பெரம்பூரில் ஒரு பெண் இந்த நேரத்தில் நம் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற எண்ணம் இருந்தது. என் அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் அம்மா இரவு எட்டு மணிக்கு எதிர்ப் போர்ஷனின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்தப் பலத்துக்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் கொடுங்கள். இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் வரைவை முழுவதும் வாசித்தேன். நன்றாக இல்லை. முதல் பக்கத்திலேயே ஜெபவீராங்கனை, விசுவாசத்தாய், அன்பின் ஊற்று, தியாகச் சுடர் எல்லாம் வந்துவிடுகின்றன. இந்தச் சொற்களை எந்த நினைவு மலரிலிருந்தும் எந்த நினைவு மலருக்கும் மாற்றி ஒட்டலாம். எல்லோரையும் போலவே நீங்களும் நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரத்திலிருந்து குணசாலியான ஸ்திரீயின் விலை முத்துக்களைவிட உயர்ந்தது என்ற வரியை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசித்திருக்கலாமே! அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். அவள் கணக்கு வழக்கு தெரிந்தவள். உங்கள் ஆயா மில் சம்பளத்தில் ஏழு பிள்ளைகளைக் கரையேற்றியவர். சீட்டு பிடித்தாரா? தையல் மெஷின் வைத்திருந்தாரா? ஆலயத்தின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது என்ன எடுப்பார்? சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்காக எடுத்து வைக்கும் பானை உங்கள் வீட்டில் இருந்ததா? பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த அவருக்கு, பீடத்தில் ஏறிப் பிரசங்கிக்க ஆசை இருந்ததா? தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயரானது 2013-இல்தான், அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. அந்தச் செய்தியைக் கேட்டு என்ன சொன்னார்? இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் வரைவில் விடை இல்லை. அவர் ஜெபித்தார், ஜெபித்தார், ஜெபித்தார் என்று மட்டும் இருக்கிறது.

மூன்றாவது அத்தை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளைகளின் பெயர் வரிசையில் அவருக்குரிய இடத்தில் அவர் பெயர் வர வேண்டும், பக்கத்தில் அவர் கணவர் பெயரும் அவர்கள் பிள்ளைகள் பெயரும் வர வேண்டும். ஆயா அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை என்பதையும் எழுதுங்கள். அவர் அதில் கடுமையாகவே இருந்தார், மகளுக்கு அது ஆறாத காயமாகவே இருந்திருக்கும். இதை மறைத்து ஆயாவைப் பளிங்குச் சிலையாக்கிவிட்டால் அதற்குப் பிறகு அவர் செய்த எந்த நல்லதும் நம்பும்படி இருக்காது. பெரியவர்கள் மறுத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவு ஜெபத்தில் ஆயா அந்த மகளின் பெயரை விட்டாரா? விட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

அப்படிக் கேட்பதற்கு இன்னும் வழி இருக்கிறது, அதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டுக் கவனிக்காமல் போயிருக்கிறீர்கள். 2020-இல் கொரோனாவின் முதல் மாதங்களில் இராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த இடம், ஆலயங்கள் மாதக்கணக்கில் மூடியே இருந்தன. அந்த மாதங்களில் ஆயா உங்கள் தங்கையின் கைபேசியில் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் யாருடைய கைபேசியிலாவது இருக்கும். உறவினர் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பழைய கைபேசியைத் தூக்கிப் போடாதவர்கள் இருப்பார்கள். அந்தப் பதிவுகளை ஒன்றுவிடாமல் சேகரித்து, அதில் அவர் சொல்லும் பெயர்களை ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதுங்கள், வேண்டுமானால் என்னைப்போல் கணினியிலும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆளைப் பெற்றவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அவரோடு இருந்த முதியவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய் உட்காருங்கள், அவர்களுடைய பெட்டிகளிலும் நோட்டுகள் இருக்கலாம், அவற்றை யாரும் எடைக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலரில் பாதிப் பக்கங்களுக்கு அந்தப் பெயர்ப் பட்டியலையே அச்சிடுங்கள். தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்களை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் அவற்றை வாசிக்கப் போவதில்லை.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் வரைவில் ஆயாவின் தகப்பனார் பெயர் இருக்கிறது, அவர் என்ன வேலை பார்த்தார் என்பதும் இருக்கிறது. ஆயாவின் தாயார் பெயர் எங்கும் இல்லை. அத்தைமார்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியாவிட்டால், ஆயா ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போய், 1928-ஆம் ஆண்டுப் பதிவேட்டையும் அதற்கடுத்த ஆண்டின் பதிவேட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். திருமணப் பதிவேட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அதில் இருக்காது. கிடைத்ததும் அந்தப் பெயரோடு மலரைத் தொடங்குங்கள், எனக்கும் எழுதித் தெரிவியுங்கள்.